அசலும் நகலும்

வாசலில் போடப்போகிற கோலத்தை முதலில் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பார்ப்பவர்களைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? "பயந்தாங்கொள்ளிகள்" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. மார்கழி மாதத்தில், தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பதினைந்து புள்ளிக் கோலத்தில் ஒரு வளைவு தப்பிப்போனால் அப்போது தெரியும் சங்கதி! நோட்டில் தப்பினால் பக்கத்தைத் திருப்பிவிடலாம். வாசலில் தப்பினால் துடைப்பத்தைத்தான் தேட வேண்டும்.

கம்ப்யூட்டர்க்காரர்களும் இந்த நோட்டுப் புத்தகக் கட்சிதான். பலர் கூடி வேலை செய்கிற ஓர் இணையதளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதுகிறார்; இன்னொருவர் திருத்துகிறார்; மூன்றாமவர் "இது சரியில்லையே" என்று குறிப்பு வைக்கிறார். உங்கள் மகனோ மருமகளோ வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறார்கள் என்றால், அநேகமாக இப்படி ஒரு தளத்தில்தான் நாள் முழுவதும் குடியிருக்கிறார்கள். அதில் ஏதாவது மாற்றம் செய்ய வேண்டுமானால், ஜனங்கள் புழங்கிக்கொண்டிருக்கும்போதே கை வைக்க முடியாது. ஆகவே அதே மாதிரி இன்னொன்றை வேறொரு கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறார்கள். ஜனங்கள் புழங்குவது அசல் சர்வர். அவர்கள் பாஷையில் 'புரொடக்ஷன்'. சோதித்துப் பார்ப்பது நகல் சர்வர். அதற்கு 'டெவலப்மென்ட்' என்றும் 'ஸ்டேஜிங்' என்றும் பெயர். முன்னது வாசல். பின்னது நோட்டு.

"இவ்வளவுதானே? காப்பி அடிப்பதில் என்ன பிரமாதம்?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்திலேயே காப்பி அடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டல்லவா? கம்ப்யூட்டர் உலகத்திலும் மகா கெட்டிக்காரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் இரண்டு மூன்றைச் சொல்கிறேன். கடைசியில் அவை நம் வீட்டு அலமாரி வரைக்கும் வருவதைப் பார்ப்பீர்கள்.

கிணற்றுத் தண்ணீரும் கிட்லாபும்

உக்ரேன் தேசத்தில் டிமிட்ரி ஸாபரோஷெட்ஸ் என்று ஓர் இளைஞர். 2011ஆம் ஆண்டில் அவர் இருந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பொதுக் கிணற்றுக்குப் போய்த்தான் கொண்டுவர வேண்டும். நாமாக இருந்தால் முதல் காரியமாகக் குழாய்க்கு மனுப் போட்டிருப்போம். அவருக்கோ வேறு கவலை. கூட்டாளிகளுடன் சேர்ந்து புரோகிராம் எழுத நல்ல சாதனம் ஒன்று இல்லையே என்பதுதான் அது! தண்ணீர்க் கஷ்டத்தைவிட அதுவே பெரிதாகப் பட்டது. உட்கார்ந்து, தாமே ஒன்றைச் செய்தார். அதுதான் 'கிட்லாப்'. நாளடைவில் அது பெரிய கம்பெனியாக வளர்ந்து, உலகமெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்கள் கூடுகிற சந்தை மாதிரி ஆகிவிட்டது.

2017 ஜனவரி 31ஆம் தேதி, லண்டன் நேரப்படி மாலை 5.20. கிட்லாபில் ஓர் இன்ஜினீயருக்கு ஒரு புது ஏற்பாட்டைப் பரீட்சை பார்க்க வேண்டியிருந்தது. அசல் டேட்டாபேஸை, அதாவது எல்லா விவரமும் அடங்கிய பெரிய பேரேட்டை, அப்படியே ஒரு நகல் எடுத்து ஸ்டேஜிங் சர்வரில் போட்டார். தினம் ஒரு முறை தானாகவே அப்படி நகல் எடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. ஆனால் இவருக்கு இன்னும் புதிய நகல் தேவைப்பட்டது. அதனால் கையாலேயே ஒரு தடவை எடுத்தார். அந்தச் சின்னக் காரியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஆயிற்று. டேட்டாபேஸுக்குத் தாங்க முடியாத பாரம். விஷமிகளின் உபத்திரவமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். அசல் டேட்டாபேஸுக்கு அருகிலேயே, அது எழுதுவதையெல்லாம் உடனுக்குடன் பார்த்து எழுதிக்கொள்கிற துணை டேட்டாபேஸ் ஒன்று உண்டு. அக்காள் சொல்வதை எழுதிக்கொள்ளும் தங்கை மாதிரி. பாரம் ஏறியதில் தங்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை, பின்தங்கிவிட்டாள். இனி ஒரே வழிதான்: துணை டேட்டாபேஸை அடியோடு காலி செய்துவிட்டு, அசலிலிருந்து முதலிலிருந்து நகல் எடுக்க வேண்டும். காலியும் செய்தார்கள். ஆனால் நகல் எடுக்கும் வேலை நகர மறுத்தது.

இரவு 11.30 மணி. நம் ஊரில் அப்போது பிப்ரவரி 1ஆம் தேதி விடியற்காலை 5 மணி. பால் வரும் நேரம். நெடுநேரம் கண் விழித்த இன்ஜினீயர், "துணையில் வெறும் டைரக்டரி மிச்சம் இருப்பதுதான் தகராறோ?" என்று எண்ணி, அதையும் அழித்துவிட உத்தரவு போட்டார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. பகீரென்றது அவருக்கு. உத்தரவு போனது துணைக்கு அல்ல, அசலுக்கு!

பதறி நிறுத்தினார். 300 ஜிகாபைட் இருந்த இடத்தில் சுமார் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. தங்கையை முன்னமே காலி செய்தாயிற்று. இப்போது அக்காளும் காலி.

ஐந்து பூட்டு, ஒரு சாவி

"இத்தனை பெரிய கம்பெனியில் வேறு பிரதி வைத்திருக்க மாட்டார்களா?" என்றுதானே கேட்கிறீர்கள்? வைத்திருந்தார்கள், அல்லது வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து வகை ஏற்பாடுகள்!

தினமும் தானாகப் பிரதி எடுத்து வேறிடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 ரகம், பிரதி எடுக்கும் கருவி 9.2 ரகமாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒத்துவராமல் வேலை தினமும் நின்றுபோயிருக்கிறது. "நின்றுவிட்டது" என்று எச்சரிக்கும் மெயிலாவது வந்திருக்க வேண்டுமே? மெயில் புறப்பட்டதென்னவோ உண்மை. அதில் முறையான முத்திரை இல்லாததால், வாங்கும் இடத்தில் ஏற்காமல் தள்ளிவிட்டார்கள். கடைக்காரர் தினமும் "சரக்கு வரவில்லை" என்று கடிதம் போட, தபால்காரர் தினமும் அதைத் திருப்பி அனுப்பிவிட்ட கதைதான். சர்வர்களின் டிஸ்க்கையே படம் பிடிக்கும் வசதி ஒன்று உண்டு. அதை மற்ற சர்வர்களுக்குப் போட்டிருந்தார்கள். டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் போடவில்லை. துணை டேட்டாபேஸின் கதி உங்களுக்கே தெரியும்.

மிஞ்சியது என்ன? மாலை 5.20க்கு, யாரோ ஒருவர், வேறு எதற்கோ, ஸ்டேஜிங் சர்வரில் போட்டு வைத்த அந்த நகல்! பாதுகாப்புக்கென்று எடுக்காத பிரதிதான் பாதுகாத்தது. அது இல்லாவிட்டால் ஏறக்குறைய ஒரு நாள் வேலை போயிருக்கும். இருந்ததனால் ஆறு மணி நேர வேலையோடு போயிற்று.

அதையும் சுலபமாகக் கொண்டுவந்துவிட முடிந்ததா? இல்லை. பரீட்சை பார்க்கும் இடம்தானே என்று ஸ்டேஜிங் சர்வரில் மலிவான, வேகம் குறைந்த டிஸ்க்குகளைப் போட்டிருந்தார்கள். நகலை அசலிடம் கொண்டு சேர்க்க ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. அசலில் ஏதாவது நடந்தால் வெளியார் தளங்களுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் ஏற்பாடுகள் இருக்கும். நகலிலிருந்து தவறிப்போய்ச் செய்தி கிளம்பிவிடக் கூடாதென்று, ஸ்டேஜிங்குக்குக் கொண்டுபோகும்போதே அவற்றை நீக்கிவிடுவது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் நகலே அசலாக மாற வேண்டி வந்தபோது அவற்றைத் தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 1ஆம் தேதி மாலை 6 மணி சுமாருக்குத் தளம் மறுபடி உயிர் பெற்றது. சுமார் 5,000 திட்டங்களும், 5,000 குறிப்புகளும், 700 புதிய அங்கத்தினர்களின் பதிவுகளும் நஷ்டக் கணக்கில் சேர்ந்தன. எழுதிய புரோகிராம்கள் வேறிடத்தில் இருந்ததால் அவற்றுக்கு ஆபத்தில்லை.

கம்பெனி இதை மூடி மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மீட்பு வேலையை யூடியூபில் நேராகவே காட்டினார்கள். ஆயிரக் கணக்கானவர்கள் பார்த்தார்கள். பிறகு விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். அதில் அந்த இன்ஜினீயரின் பெயர் இல்லை; 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருக்கிறது. "யார் செய்தது?" என்று கேட்பதை விட்டு, "இப்படிச் செய்ய எப்படி இடம் வந்தது?" என்று கேட்டார்கள். உப்பு என்று சர்க்கரையைப் போட்ட மருமகளை விசாரிப்பதற்கு முன், இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் வைத்தது யார் என்று விசாரிக்கிற மாமியார் எத்தனை பேர்? அவர்கள் யோசித்த பரிகாரங்களில் ஒன்று நம் சமையலறைக்கே ஏற்றது. அசல் சர்வரில் உட்கார்ந்திருந்தால் திரையில் சிவப்பு நிறம், ஸ்டேஜிங்கில் மஞ்சள் நிறம் தெரியும்படி செய்வது!

நகலிலும் திருடன் வருவான்

கிட்லாபை நகல் காப்பாற்றிற்று. இன்னொரு கம்பெனியை நகலே காட்டிக்கொடுத்தது. பேட்ரியான் என்ற தளத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடுகிறவர்களுக்கும் படம் வரைகிறவர்களுக்கும் ரசிகர்கள் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரிக்கிற இடம் அது. 2015 செப்டம்பர் 28ஆம் தேதி அங்கே திருடர்கள் புகுந்தார்கள். வாசல் கதவை உடைத்தல்ல. பரீட்சைக்கென்று வைத்திருந்த சர்வர் வெளியார் கண்ணில் படும்படி இருந்தது; அதில் அசல் டேட்டாபேஸின் நகல் அப்படியே கிடந்தது! 23 லட்சத்துக்கும் அதிகமான ஈமெயில் விலாசங்களும், பெயர்களும், சிலருடைய வீட்டு விலாசங்களும் வெளியே போயின. கார்டு எண்களை முழுதாக வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லாததால் அந்த மட்டில் பிழைத்தார்கள்.

வங்கி லாக்கரில் நகையை வைத்துவிட்டு, அதே நகையின் மற்றொரு செட்டை மாடத்தில் வைத்தால் எப்படி? கவரிங் என்றால் கவலை இல்லை. இங்கே இரண்டும் சொக்கத் தங்கமாயிற்றே! விவரங்களின் விசேஷமே அதுதான். நகல் எடுத்தாலும் மதிப்புக் குறைவதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அசலை நகலுக்குக் கொண்டுபோகும்போதே பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் பொய்ப் பெயர், பொய் நம்பர்களாக மாற்றிவிடுகிறார்கள். அதாவது, கவரிங்காக்கிவிடுகிறார்கள். சோதனைக்கு அதுவே போதும்.

வேடிக்கையான விபத்தும் உண்டு. 2021 ஜூன் மாதம் ஹெச்.பி.ஓ. மேக்ஸ் என்ற அமெரிக்கப் படக் கம்பெனியின் சந்தாதாரர்களில் பலருக்கு ஒரு மெயில் வந்தது. தலைப்பு: சோதனை மெயில், எண் 1. உள்ளே விஷயமே இல்லை! பரீட்சைக்காகத் தயாரித்தது அசல் ஜனங்களுக்கே போய்விட்டது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பயிற்சிக்கு வந்த ஒருவரின் கைத்தவறு என்று சொல்லிற்று. உடனே முன்பின் தெரியாத ஜனங்களெல்லாம், "கவலைப்படாதே, நானும் ஒரு சமயம் இப்படித்தான்..." என்று அந்தப் பயிற்சியாளருக்குத் தங்கள் தவறுகளைச் சொல்லித் தேறுதல் எழுதினார்கள். உலகத்தில் நல்லவர்களும் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

அளவு ரவிக்கை

சரி, முறையாகச் செய்வது எப்படி? தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்தனுப்புகிறோம் அல்லவா? அளவு நம்மிடமிருந்து அவரிடம் போகிறது. தைத்த துணி அவரிடமிருந்து நம்மிடம் வருகிறது. இணையதளத்திலும் அப்படியே. ஜனங்கள் எழுதிய விவரங்கள் அசலிலிருந்து நகலுக்குப் போகலாம். புதிதாக எழுதிய புரோகிராம் நகலிலிருந்து அசலுக்கு வரலாம். விவரம் எதிர்த்திசையில் வரக் கூடாது. வந்தால், அந்த இடைவேளையில் ஜனங்கள் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். தையற்காரர் கத்தரிக்கோலை அளவு ரவிக்கையிலேயே வைத்த மாதிரி!

ஒரு தளத்தை நகல் எடுப்பதென்றால் மூன்று சாமான்களை எடுக்க வேண்டும். புரோகிராம் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று, ஜனங்கள் ஏற்றி வைத்த படங்களும் கோப்புகளும் ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தவையாக இருக்க வேண்டும். டேட்டாபேஸ் இன்றையது, படங்கள் போன வாரத்தவை என்றால், பட்டியலில் ஊறுகாய் இருக்கும். அலமாரியில் ஜாடி இருக்காது.

நான்காவதாக ஒன்று உண்டு. அதை மட்டும் அப்படியே எடுக்கக் கூடாது. எந்த டேட்டாபேஸோடு பேச வேண்டும், எதன் மூலம் மெயில் அனுப்ப வேண்டும், சாவி எது என்று குறித்து வைத்திருக்கும் அமைப்புச் சீட்டு அது. அதையும் சேர்த்து நகல் எடுத்துவிட்டால், நகல் தளம் பேசாமல் அசல் டேட்டாபேஸிலேயே போய் எழுத ஆரம்பித்துவிடும். சோதனை என்று நினைத்து நாம் அழிப்பதெல்லாம் நிஜத்தில் அழியும். பக்கங்களுக்குள் இருக்கும் விலாசங்களையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நகலில் ஒன்றைத் தொட்டதும், நமக்குத் தெரியாமலே அசலுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

கைக்குழந்தையும் கம்ப்யூட்டரும்

கடைசியாக ஒரு தாயின் கதை. 1998ல் அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் 'டாய் ஸ்டோரி 2' என்ற படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையின் தொப்பி மறைந்தது; காலணி மறைந்தது; பிறகு பொம்மையே மறைந்தது. யாரோ ஓரிடத்தில் அழிக்கும் உத்தரவைப் போட்டுவிட்டார்கள். படத்தின் பெரும் பகுதி போயிற்று. பிரதியைப் பார்த்தால், அதுவும் சரியாக எடுக்கப்படவில்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அப்போது காலின் ஸஸ்மன் என்ற பெண்மணிக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவர் தொழில்நுட்பப் பகுதியின் மேற்பார்வையாளர். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை விட்டுவிட்டு வர முடியாதென்று, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் படத்தின் நகலைப் போட்டு வேலை பார்த்துவந்தார். ஓடினார்கள் வீட்டுக்கு. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வைகளில் சுற்றி, கைக்குழந்தையைப் போலப் பத்திரமாகக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது, 1999ல் வெளிவந்தது. "குழந்தை பெற்றவள் வீட்டிலிருந்து என்ன வேலை பார்த்துவிடப்போகிறாள்?" என்று கேட்பவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், இந்தப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

நம் வீட்டு சர்வர்

"எங்கள் வீட்டில் ஏதம்மா சர்வர்?" என்று கேட்காதீர்கள். கையில் இருக்கிறதே செல்போன், அதுதான் உங்கள் அசல் சர்வர். பேத்தியின் முதல் பிறந்த நாள், அப்பாவின் கடைசிக் குரல், டாக்டர் சீட்டு, பாங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். ஆகவே நான்கு வார்த்தைகள்.

முதலாவது, உடனுக்குடன் ஒத்துப்போகிற நகல் வேறு. பாதுகாப்புப் பிரதி வேறு. போனில் ஒரு படத்தை அழித்தால், பல சேவைகளில் இன்டர்நெட்டில் இருக்கும் அதன் நகலும் கூடவே அழிந்துவிடும். அக்காளைப் பார்த்துத் தங்கையும் செய்வாள். தனியாக ஒரு டிஸ்க்கில் போட்டு, கழற்றிப் பீரோவில் வைப்பதுதான் பிரதி.

இரண்டாவது, பிரதியின் மேல் தேதி போட்டு, எது அசல், எது நகல் என்று எழுதி ஒட்டுங்கள். முடிந்தால் நிறமும் மாற்றுங்கள்.

மூன்றாவது, பழைய போனை ரிப்பேர்க்காரரிடமோ வேறு ஒருவரிடமோ கொடுக்கும்போது, அதில் இருப்பதும் உங்கள் நகல்தான் என்பதை மறக்காதீர்கள். புதுப் போனில் எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, பழையதைத் துடைத்துக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

நான்காவதுதான் முக்கியம். எடுத்து வைத்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்க வேண்டும். கிட்லாபில் தவறு நடந்தது ஒரு விநாடியில். ஆனால் பிரதி இல்லாமல் இருந்தது அதற்கு எவ்வளவோ நாள் முன்பிருந்தே. யாரும் திறந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் ஒழிந்த நேரத்தில் அந்தப் பீரோ டிஸ்க்கை எடுத்து, ஏதாவது ஒரே ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதியாகக் காப்பி போட்டுக் குடியுங்கள். திறக்காவிட்டால், அந்தக் காப்பி கொஞ்சம் ஆறினாலும் பரவாயில்லை; முதலில் இந்தக் காப்பியை எடுங்கள்!